மலையகத்தில் உதைபந்தாட்ட லீக்குகள்: உடப்புசல்லாவையை முன்வைத்து ஒரு நோக்கு

விளையாட்டைப் பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை வெற்றி தோல்விகளையும் வீரர்தம் திறமைகளையுமே பொருளாகக் கொள்கின்றன. போட்டிகளை நடத்தும் நிறுவனம் எது, அது எவ்வாறு அமைந்தது, அதில் உறுப்புரிமை பெறத்தக்கவர் யாவர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. எனினும் ஒரு பிரதேசத்து இளைஞர் ஆண்டில் எத்தனை நாட்கள் பந்தாடுவர், அவர்களுள் திறமையுள்ளோர் எவர் கண்ணிற் படுவர் என்பவற்றை நிருணயிப்பது இந்நிறுவன அமைப்பேயாகும். இவ்வுண்மை மலையகப் பெருந்தோட்டப் பகுதிகளில் மிகத் துலக்கமாகப் புலப்படுகின்றது.

உடப்புசல்லாவை நுவரெலியா மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், வலப்பனைப் பகுதியில், ஊவாவை அண்டி அமைந்த சிறு நகரமாகும். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாக அதனை அடையலாம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஊடாக இராகலை வரை ஓடிய குறுகிய இருப்புப்பாதைக்கு உடப்புசல்லாவைப் பாதை என்ற பெயரே வழங்கிற்று. தோட்டங்களின் தேவைக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடப்பட்ட அப்பாதை 1940களில் மூடப்பட்டது. இலங்கைத் தேயிலை வணிகம் வகுத்துள்ள ஏழு விளைவலயங்களுள் ஒன்று இன்றும் உடப்புசல்லாவை என்னும் பெயராலேயே அறியப்படுகின்றது. தேயிலைச் சந்தையில் இத்தகைய தனியடையாளம் பெற்ற இப்பகுதி, விளையாட்டு நிருவாகத்தில் மாவட்டத்தின் ஒரு கோடியாக மாத்திரமே கணிக்கப்படுகின்றது. பிரதேச உதைபந்தாட்ட லீக் ஒன்று எவ்வாறு இயங்குகின்றது என்பதை விளக்கி, அவ்வமைப்பு தோட்டத்தின் எல்லையில் ஏன் தயங்கி நிற்கின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லீக்கின் அமைப்பு

உதைபந்தாட்டத்தின் நிருவாகம் படிநிலை வடிவினது. உச்சியில் 1904இல் நிறுவப்பட்ட சர்வதேச சம்மேளனமாகிய பீஃபா நிற்கின்றது. அதன் கீழ் ஆசியக் கூட்டமைப்பும், நாட்டளவில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனமும் உள்ளன. 1939இல் தோற்றம் பெற்ற இலங்கை அமைப்பு 1952இல் பீஃபாவின் உறுப்புரிமை பெற்றது. சம்மேளனத்துக்குக் கீழ் லீக்குகளும், லீக்குகளுக்குக் கீழ் கழகங்களும், கழகங்களுக்குக் கீழ் வீரரும் வருவர்.

ஈண்டு ஒரு நுட்பம் நோக்கற்பாலது. சாதாரண வீரனோ கழகமோ சம்மேளனத்தின் நேரடி உறுப்பினராவதில்லை. பெரும்பாலும் பிரதேச லீக்குகளே அதன் உறுப்பினர். எனவே ஊர்க் கழகமொன்று நாட்டின் உதைபந்தாட்டத்திற் சேர்வதற்கான வாயில் லீக் ஒன்றேயாகும். இவ்வாயில்கள் கண்டி, மாத்தளை, நுவரெலியா என நகரங்களின் பெயராலேயே அறியப்படுவது தற்செயலன்று. மைதானம், அதனைப் பராமரிக்கும் நகரசபை, கழகத்துக்குப் பணமுதவும் வணிகர், கூட்டத்துக்கு வந்து செல்ல வசதியுள்ள நிருவாகிகள் ஆகிய யாவும் நகரத்துக்கு உரியன. லீக் என்பது நகரவாழ்வின் அடிப்படையில் எழுந்த நிறுவனம் எனலாம்.

லீக்கின் பணிகளை ஐந்தாக வகுத்து நோக்கலாம். முதலாவது பதிவு. எந்த வீரன் எந்தக் கழகத்துக்கு உரியவன் என்பதை லீக்கே பதிந்து வைக்கின்றது; ஒரு பருவத்தில் ஒருவன் இரு கழகங்களுக்கு ஆடாதிருக்கவும், கழகம் மாற விரும்புவோன் முறைப்படி விடுவிக்கப்படவும் இப்பதிவே ஆதாரம். இரண்டாவது போட்டி அட்டவணை. மூன்றாவது மத்தியஸ்தர் நியமனம். ஆடும் கழகங்கள் இரண்டிலும் சாராத ஒருவர் ஊதலைக் கையிலெடுப்பதே ஒழுங்கான போட்டிக்கு முதல் நிபந்தனை. நான்காவது ஒழுக்காற்று. சிவப்பு அட்டை பெற்றவனை எத்தனை போட்டிகளுக்கு நிறுத்துவது, கலகத்தால் இடைநின்ற போட்டியை யாருக்கு வழங்குவது, முறைப்பாட்டை எத்தனை நாட்களுக்குள் ஏற்பது என்பன இதன்பாற்படும். ஐந்தாவது பிரதிநிதித்துவம். சம்மேளனத்தின் பொதுச்சபையில் வாக்களிப்பதும், பிரதேசத்தின் வீரரை உயர்மட்டத் தெரிவுகளுக்கு முன்மொழிவதும் லீக்கின் வழியே நிகழ்கின்றன.

ஐந்தாவது பணியின் கனதியை அண்மைக்கால நிகழ்வுகள் உணர்த்தின. இலங்கையில் விளையாட்டுச் சங்கங்கள் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்படுகின்றன. அச்சட்டம் துறைக்குப் பொறுப்பான அமைச்சருக்குப் பரந்த அதிகாரங்களை அளிக்கின்றது. பீஃபாவோ தனது உறுப்பினர் பிறர் தலையீடின்றி இயங்கவேண்டுமென விதித்துள்ளது. இவ்விரு நியதிகளுக்கும் இடையிலான முரண்பாடு முற்றியபோது, 2023 ஜனவரியில் இலங்கைச் சம்மேளனம் பீஃபாவினால் இடைநிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட்டிலேயே தடை நீங்கியது. சம்மேளனத்தின் தேர்தலைச் சூழ்ந்தெழுந்த அப்பிணக்கில், லீக்குகளின் வாக்குகள் எத்துணைப் பெறுமதியுடையன என்பது வெளிப்பட்டது. வாக்குள்ள பிரதேசத்தின் குறை கேட்கப்படும். லீக்கின் பதிவேட்டிற் பெயரில்லாத அணியின் குறையை எடுத்துரைக்க அச்சபையில் எவரும் இலர்.

லீக் முறையும் விலகல் முறையும்

தோட்டங்களில் உதைபந்தாட்டம் இல்லை என்று எவரும் கூறார். தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் தோட்டந்தோறும் சுற்றுப்போட்டிகள் நடைபெறுவது வழக்கமாகும். அணிக்கு எழுவர், குறுகிய நேரம், நுழைவுக் கட்டணம், வெற்றிக்கிண்ணம், ஒலிபெருக்கி ஆகியவற்றோடு ஓரிரு நாட்களில் அவை முடிந்துவிடும். இவை யாவும் தோற்ற அணி உடனே வெளியேறும் விலகல் முறையைச் சார்ந்தவை. லீக் முறையிலோ ஒவ்வோர் அணியும் ஏனைய ஒவ்வோர் அணியையும் சந்திக்கும்.

இவ்விரு முறைகளுக்குமுள்ள வேறுபாட்டை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். பதினாறு அணிகள் விலகல் முறையில் ஆடின் மொத்தம் 15 போட்டிகள் போதும். அவற்றுள் எட்டு அணிகள் ஒரேயொரு போட்டியுடன் வீடு திரும்பும். நான்கு அணிகள் இரண்டு போட்டிகள் ஆடும். இறுதிப் போட்டிக்கு வரும் இரு அணிகள் மாத்திரமே நான்கு போட்டிகள் ஆடும். எட்டு அணிகள் கொண்ட லீக்கிலோ 28 போட்டிகள் நடைபெறும். கடைசி இடத்தைப் பெறும் அணிக்கும் ஏழு போட்டிகள் உறுதி. விலகல் முறை வல்லவர்க்கே மேலும் ஆட்டங்களை வழங்குகின்றது. லீக் முறை தோற்றவனுக்கும் அடுத்த வாரத்தை உறுதி செய்கின்றது. தொடர்ந்து ஆடுவதனாலேயே திறன் வளருமாதலின், இவ்வேறுபாடு வெறும் போட்டி முறையின் வேறுபாடன்று.

இங்கிலாந்தின் அனுபவமும் இதனை அரண் செய்கின்றது. அங்கு 1871இல் தொடங்கிய சங்கக் கிண்ணப் போட்டி விலகல் முறையினது. அதில் விரைந்து தோற்ற கழகங்கள் ஒழுங்கான ஆட்டங்களின்றித் தவித்தன. அஸ்டன் விலாக் கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மக்கிரகர் 1888இல் முன்வைத்த யோசனையின் பேரில் பன்னிரு கழகங்கள் கூடி உலகின் முதலாவது உதைபந்தாட்ட லீக்கை அமைத்தன. ஒவ்வொரு கழகத்துக்கும் 22 போட்டிகள் உறுதியாயின. அப்பன்னிரண்டும் லங்காஷயரையும் இங்கிலாந்தின் நடுப்பகுதியையும் சார்ந்த கைத்தொழில் நகரங்களுக்கு உரியவை என்பதும், 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளிற் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் இரண்டு மணியுடன் நிறுத்த வழிசெய்திருந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கன. தொழிலாளிக்குச் சொந்தமான ஓர் அரைநாள் வாரந்தோறும் தவறாது கிடைத்த பின்னரே லீக் என்னும் நிறுவனம் சாத்தியமாயிற்று.

ஓர் ஏக்கர் நிலம்

லீக் ஆட்டத்துக்கு முதற்றேவை மைதானம். ஆட்டவிதிகளின்படி மைதானத்தின் ஆகக் குறைந்த நீளம் 90 மீற்றர்; ஆகக் குறைந்த அகலம் 45 மீற்றர். இதன் பரப்பு 4,050 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழச் சரியாக ஓர் ஏக்கர். நான்கடிக்கு இரண்டடி என்னும் இடைவெளியில் நட்டால் ஓர் ஏக்கரில் 5,445 தேயிலைச் செடிகள் நிற்கும். மலைச்சரிவிற் சமதரையாக ஓர் ஏக்கரை ஒதுக்குவது என்பது தோட்டக் கணக்கில் அத்தனை செடிகளின் விளைச்சலை இழப்பதாகும். ஆதலின் பல தோட்டங்களில் இளைஞர் ஆடுமிடம் பிரட்டுக்களமாகவோ, கொழுந்து மடுவத்தின் அருகிலுள்ள வெளியாகவோ, கோயில் முற்றமாகவோ அமைவதில் வியப்பில்லை. எழுவர் ஆட்டம் தோட்டங்களில் வேரூன்றியமைக்கு இரசனை மாத்திரமன்றி இந்நிலக் கணக்கும் காரணமாகும்.

சரிவான நிலவமைப்பே இதற்குக் காரணம் என்பாருமுளர். அக்கூற்று முழுமையாக ஏற்புடையதன்று. இதே மலைகளில் ரதெல்லையிலும் டரவளையிலும் தோட்டத்துரைமாரின் கழகங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமைக்கப்பட்டு, கிரிக்கெற்றுக்கும் றகருக்கும் உரிய பரந்த மைதானங்களைப் பெற்றிருந்தன. நுவரெலியாவின் கொல்ப் கழகம் 1889இல் நிறுவப்பட்டது. ஆகவே மலையைச் சமதரையாக்கும் ஆற்றல் தோட்ட முறைமைக்கு எப்போதும் இருந்து வந்துள்ளது. அது யாருக்காகப் பயன்பட்டது என்பதே வினா.

மைதானத்தின் உடைமை இன்னொரு சிக்கலாகும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை உரிமையும் வழங்கப்பட்டது. இதனால் நிலம் அரசினுடையது, முகாமை கம்பனியினுடையது, ஆடுபவன் தொழிலாளியின் மகன். மைதானத்துக்கு வடிகால் அமைப்பதற்கோ கோல் கம்பம் நாட்டுவதற்கோ உரிமையுள்ளவன் ஆடுவதில்லை. ஆடுபவனுக்கு அவ்வுரிமை இல்லை.

நகரமாயின் இவ்விடத்தில் உள்ளூராட்சி மன்றம் கைகொடுக்கும். தோட்டங்களில் அதற்கும் சட்டம் தடையாயிருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட வழிவிடவில்லை. தோட்ட மக்கள் சபைகளுக்கு வாக்களித்தனர், உறுப்பினரையும் அனுப்பினர், ஆனால் அவ்வுறுப்பினர் தமது லயத்துக்குச் செல்லும் பாதையையோ தம் பிள்ளைகளின் விளையாட்டிடத்தையோ சபைப் பணத்தாற் செப்பனிட இயலவில்லை. 2018ஆம் ஆண்டுத் திருத்தமே இத்தடையை அகற்றிற்று. அதே ஆண்டில் மாவட்டத்தின் பிரதேச சபைகளும் ஐந்திலிருந்து ஒன்பதாக உயர்ந்தன. அம்பகமுவை, நுவரெலியா ஆகிய பெரிய சபைகள் பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவை புதியனவாய்த் தோன்றின. உடப்புசல்லாவை அடங்கிய வலப்பனைச் சபை அப்போது பிரிக்கப்படவில்லை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பறித்த உரிமைகள் 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் மீள வழங்கப்பட்டமை யாவரும் அறிந்ததே. உள்ளூராட்சியின் சேவை தோட்டத்தை எட்டுவதற்கு அதன் பின்னரும் பதினைந்து ஆண்டுகள் சென்றன. லீக்கின் எல்லை உள்ளூராட்சியின் எல்லையை ஒட்டியே அமைந்திருந்தது என்பது இதனாற் பெறப்படும். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்து மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் இந்திய வம்சாவளித் தமிழராயிருக்க, தோட்ட அணிகளுட் பெரும்பாலானவை லீக்கின் பதிவேட்டுக்குப் புறத்தே நின்றமைக்குரிய நிறுவனக் காரணம் இதுவேயாகும்.

நாளும் பருவமும்

மைதானம் இருப்பினும் நாள் வேண்டும். தோட்டத் தொழிலாளியின் ஊதியம் நாட்கணக்கினது. நிறை குறைந்தால் அரைப்பேர் விழும். ஞாயிறும் பல வேளைகளிற் கைக்காசு வேலைக்கு உரிய நாளாகிவிடுகின்றது. லீக் ஆட்டத்துக்காக ஒரு ஞாயிறு நுவரெலியாவுக்குச் சென்று வருவோன் பேருந்துக் கட்டணத்தோடு அன்றைய கைக்காசையும் இழக்கின்றான். பெண்களின் நிலை இதனினும் கடினம். கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலானோர் பெண்கள். வார நாட்களில் எஞ்சிய வீட்டுவேலை யாவும் ஞாயிற்றிலேயே அவர்களைச் சூழ்கின்றது. மகளிர் அணி பற்றிப் பேசுவோர் முதலில் இந்த ஞாயிற்றைப் பற்றிப் பேசுதல் வேண்டும்.

இதனுடன் இளைஞரின் இடப்பெயர்வும் சேர்ந்துள்ளது. தோட்ட வேலையை விரும்பாத இளைஞர் கொழும்பின் கடைகளிலும் உணவகங்களிலும் தொழில் தேடிச் செல்கின்றனர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் திரும்புகின்றனர். பண்டிகைக்காலச் சுற்றுப்போட்டிகளில் தோட்ட அணிகள் முழுவலுவுடன் விளங்குவதும், பண்டிகை கழிந்ததும் அணியே கலைந்துவிடுவதும் இதன் விளைவாகும். வாரந்தோறும் பதினொருவரைத் திரட்டக் கோரும் லீக்கின் ஒழுங்கு இவ்வாழ்க்கை முறையோடு இயல்பாகப் பொருந்துவதன்று.

மழையும் தன் பங்கைச் செலுத்துகின்றது. மத்திய மலைத்தொடரின் மேற்குச் சாய்விலுள்ள ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆகிய பகுதிகள் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றின் மழையில் நனைந்திருக்கும். அக்காலத்தில் உடப்புசல்லாவையின் மலைகளில் வறண்ட காற்று வீசும். அக்காற்றினாலேயே யூலை முதல் செப்டெம்பர் வரை அப்பகுதித் தேயிலை சிறந்த தரம் பெறுகின்றது. மாறாக, வடகீழ்ப் பருவக்காற்று வீசும் நவம்பர், டிசெம்பர், ஜனவரி மாதங்களில் மழை இங்கு கனக்கும். மாவட்டம் முழுவதற்கும் பொருந்தும் வறண்ட காலம் பெப்ரவரி, மார்ச் மாதங்களாகும். அதில் எட்டு அல்லது ஒன்பது ஞாயிறுகளே அடங்கும். எட்டு அணிகளின் 28 போட்டிகளை ஒரு மைதானத்தில் நாளொன்றுக்கு இரண்டாக நடத்தினால் 14 ஞாயிறுகள் வேண்டும். ஒரே மாவட்டத்துக்கு ஒரே பருவம் என்னும் நிருவாக வசதி, இயற்கையின் கணக்கோடு முரண்படுவதை இது காட்டும்.

அணியும் கழகமும்

தோட்டத்தில் அணி உண்டு, கழகம் அரிது. அணி என்பது விளையாடும் நாளிற் கூடும் இளைஞர் கூட்டம். கழகமோ யாப்பு, தலைவர், செயலாளர், பொருளாளர், வங்கிக் கணக்கு, நிலையான முகவரி ஆகியவற்றையுடைய சட்டப் பிறவியாகும். லீக் பதிவது கழகத்தையே. இதற்குப் புறம்பாகப் பிரதேச செயலகத்திலும் விளையாட்டு உத்தியோகத்தரிடம் கழகத்தைப் பதியவேண்டும். அரசின் உதவிகள் அவ்வழியே வரும். தனக்கெனக் காணியற்றவனுக்கு, முகவரிக்குத் தோட்ட அலுவலகத்தைச் சார்ந்தவனுக்கு, இவ்விரு பதிவுகளும் எளிதானவையல்ல.

நிறுவனத்துக்குப் புறத்தே வளர்ந்த ஆட்டம் தன்போக்கில் வளம்பெறுவதும் உண்டு. கேரளத்தின் மலபார்ப் பகுதியில் அறுவடை முடிந்த வயல்களில் எழுவர் உதைபந்தாட்டம் பெரும் மக்கள் விழாவாக வளர்ந்தது; அதிகாரபூர்வச் சங்கம் அதனை நெடுங்காலம் அங்கீகரிக்காத போதும் அதன் செல்வாக்குக் குன்றவில்லை. ஆயினும் மலபாருக்குப் பார்வையாளரின் பணமும் வெளிநாடு சென்றோரின் ஆதரவும் இருந்தன. நாட்கூலியில் வாழும் தோட்டச் சமூகம் அங்கீகாரமின்றி அவ்வாறு செழிக்கும் என எதிர்பார்த்தல் பொருந்தாது.

செய்யத்தக்கன

முதலாவதாக, மாவட்டத்தைப் பருவத்துக்கு ஏற்ப வலயங்களாக வகுக்கலாம். இராகலை, உடப்புசல்லாவை, கந்தப்பளை ஆகியவற்றை உள்ளடக்கிய கிழக்கு வலயம் மே முதல் செப்டெம்பர் வரையும், ஹட்டனைச் சார்ந்த மேற்கு வலயம் ஜனவரி முதல் ஏப்ரில் வரையும் ஆடலாம். வலய வெற்றியாளர் ஈற்றிற் சந்திக்கலாம். போக்குவரத்துச் செலவும் இதனாற் குறையும்.

இரண்டாவதாக, எழுவர் ஆட்டத்தையே லீக் வடிவில் அமைத்துப் பதிவேட்டிற் சேர்க்கலாம். அடிமட்ட உதைபந்தாட்டத்துக்கு மைதான அளவையும் ஆட்ட நேரத்தையும் கோல் கம்பங்களின் அளவையும் மாற்றிக்கொள்ள ஆட்டவிதிகளே தேசிய சங்கங்களுக்கு இடமளிக்கின்றன. பதினாறு தோட்ட அணிகளை நந்நான்காக நான்கு பிரிவுகளாக்கினால் பிரிவு ஆட்டங்கள் 24, அரையிறுதி, இறுதி ஆட்டங்கள் மூன்று, ஆக 27. குறுகிய ஆட்டங்களாதலின் நாளொன்றுக்கு ஒன்பது வீதம் மூன்று ஞாயிறுகளில் முடிக்கலாம். மிகப் பலவீனமான அணிக்கும் மூன்று ஆட்டங்கள் கிடைக்கும். இன்று பண்டிகைக்காலப் போட்டியிற் செலவாகும் அதே உழைப்பு இதற்குப் போதும்.

மூன்றாவதாக, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பயனைப் பிரதேச சபைகள் மைதானங்களுக்கும் விரித்தல் வேண்டும். ஒரு தோட்டத்துக்கு ஒன்று இயலாதெனினும் நான்கைந்து தோட்டங்களுக்குப் பொதுவாக ஓர் ஏக்கர் இயலாததன்று. தோட்டங்களில் ஏலவே இயங்கும் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் கழகங்களுக்குச் சட்டமுகவரியாக உதவலாமா என்பதும் ஆராயத்தக்கது.

கிராமப்புற விளையாட்டை நிருவகிக்கும் அமைப்புகள் பிறநாடுகளிலும் இத்தகைய பரவலாக்கத்தை நாடியுள்ளன. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஆடப்படும் உதைபந்தாட்டம் வேறு வகையினதெனினும், அங்கு மாநில அமைப்பு நாட்டுப்புற லீக்குகளைப் பிரதேச ஆணைக்குழுக்கள் வழியாகவே வழிநடத்துகின்றது. பணமுள்ள கழகம் வல்ல வீரர் அனைவரையும் வாரிக்கொள்ளாதிருக்க வீரருக்குப் புள்ளியிட்டு அணியின் மொத்தப் புள்ளிக்கு எல்லை வகுக்கும் முறையும் அங்கு கைக்கொள்ளப்படுகின்றது. நகரக் கழகமும் தோட்ட அணியும் ஒரே அட்டவணையில் நிற்கும் நாள் வருமாயின் இத்தகைய சமநிலை விதிகள் இங்கும் தேவைப்படும்.

லீக் அட்டவணை பார்வைக்கு வெறும் பெயர்ப்பட்டியலே. ஆனால் அதில் ஓர் அணியின் பெயர் இடம்பெறும்போது, அடுத்த ஞாயிறும் அதற்கு ஆட்டமுண்டு என்றும், அதன் முறைப்பாட்டுக்குச் செவிசாய்ப்போர் உளர் என்றும், அதன் வாக்குக்குப் பெறுமதியுண்டு என்றும் ஓர் உறுதி அளிக்கப்படுகின்றது. உடப்புசல்லாவையின் தோட்ட இளைஞர் ஆண்டுக்கு ஓரிரு நாள் கிண்ணத்துக்காக ஆடி வந்துள்ளனர். அவர்களுக்குத் தேவையானது அடுத்த வாரத்துக்கான அவ்வுறுதி. அதனை வழங்கும் அதிகாரம் லீக்கிடமும், அதற்குரிய ஓர் ஏக்கரை வழங்கும் அதிகாரம் அரசிடமும் கம்பனிகளிடமும் பிரதேச சபைகளிடமும் உண்டு.